சர்க்கரை ‘பார்டர்’ என்றால் இதயம் எங்கே நிற்கிறது?

ஒரு பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொள்வோம். வயது 46. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. ரத்தத்தில் ஓடும் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 230. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். 36, கெட்டது எனப்படும் எல்.டி.எல். 142. ரத்த அழுத்தம் 138/88. சீட்டை வாங்கியதும் கண் முதலில் போவது சர்க்கரை வரிக்குத்தான். 126-ஐத் தொடவில்லை, ஆகவே நோய் இல்லை. “பார்டர்லதான் இருக்கு, இனிப்பைக் குறைச்சுக்கோங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மற்ற வரிகளிலும் அலற வைக்கும் எண் எதுவும் கிடையாது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூட, ஹெச்.டி.எல். மட்டும் கொஞ்சம் குறைவு.

இந்தச் சீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். ஆனால் மாரடைப்புக்கான ஏற்பாடுகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன. ரத்தக் குழாய்க்கு 126 என்ற எல்லைக்கோடு தெரியாது. அந்தக் கோடு மருத்துவர்கள் நோயைப் பெயரிட்டுப் பிரிக்கப் போட்டுக்கொண்டது. 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன், உயர்ந்த சர்க்கரை, உயர்ந்த டிரைகிளிசரைடு, குறைந்த ஹெச்.டி.எல்., உயர்ந்த ரத்த அழுத்தம் ஆகியவை ஒரே ஆளிடம் கூட்டாக வருவது தற்செயல் இல்லை, எல்லாவற்றுக்கும் அடியில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினின் பேச்சை உடல் சரியாகக் கேட்காத நிலை, இருக்கிறது என்று வாதிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சிண்ட்ரோம் எக்ஸ்’. இன்று மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் 1.79 கோடி பேர். உலகில் நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, 2024இல் 20 முதல் 79 வயதுக்குள் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 58.9 கோடி என்று மதிப்பிட்டது. இவை இரண்டும் தனித்தனிக் கூட்டங்கள் அல்ல. சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, இல்லாதவரைவிடச் சுமார் இரண்டு மடங்கு. சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது சர்க்கரையின் நேரடித் தாக்குதல் அல்ல, இதயமும் மூளையின் ரத்தக் குழாயும்தான்.

ஆகவே உணவைப் பற்றியும் பழக்கங்களைப் பற்றியும் பேசும்போது “இது சர்க்கரையை ஏற்றுமா?” என்ற ஒற்றைக் கேள்வி போதாது. கல்லீரலில் கொழுப்பு சேர்க்குமா, எல்.டி.எல்.-ஐ என்ன செய்யும், ரத்த அழுத்தத்தை என்ன செய்யும் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதலாக இருக்கலாம். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கல்லீரலில் தொடங்கும் கதை

சாப்பாடு முடிந்து ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அந்த குளுக்கோஸின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ள வேண்டியவை தசைகள். அவை அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். ஒரு சராசரி உடலில் தசைகள் மொத்தமாக 400 முதல் 500 கிராம் வரை வைத்துக்கொள்ளும், கல்லீரல் சுமார் 100 கிராம். அசையாத உடலில் நேற்றைய சரக்கே செலவாகாமல் கிடக்கும்போது, இன்று வருவதற்குக் கிடங்கில் இடமில்லை. தசை இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கிறது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதிலும் பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலில்தான் கையாளப்படுகிறது, அதனால்தான் இனிப்பு பானங்கள் கல்லீரலுக்கு இவ்வளவு சுமை.

கல்லீரலில் கொழுப்பு ஏறியதும் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, கல்லீரலே இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் இரவு முழுக்கக் குளுக்கோஸை ரத்தத்தில் விடத் தொடங்குகிறது. ராத்திரி எதுவும் சாப்பிடாமலே காலையில் சர்க்கரை 112 காட்டுவதன் காரணம் இதுதான். இரண்டாவது, கல்லீரல் தன் கொழுப்பை டிரைகிளிசரைடாக ரத்தத்தில் ஏற்றுமதி செய்கிறது. அந்தச் சீட்டில் இருந்த 230 அங்கிருந்து வந்தது. டிரைகிளிசரைடு ஏறினால் ஹெச்.டி.எல். இறங்கும், எல்.டி.எல். துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் கூடும். ஒரே கல்லீரல், சீட்டில் மூன்று வரி.

ஏற்றுமதியான கொழுப்பில் ஒரு பகுதி கணையத்திலும் போய்த் தங்கி, இன்சுலின் சுரப்பை மந்தமாக்குகிறது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் 2008இல் முன்வைத்த கருத்து இது. 2011இல் அவர் குழு, சர்க்கரை நோய் உள்ள 11 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தது. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது, கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது. கணையம் மெதுவாக, எட்டு வாரத்தில் பிடித்துக்கொண்டது. பிற்பாடு அளந்தபோது கணையத்திலிருந்து வெளியேறிய கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு என்று தெரிந்தது. ஒரு கிராம்கூட இல்லை! தொப்பையின் பருமனைவிடக் கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி கிடையாது.

தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பைப் பாதுகாப்பாக வைக்க முடியும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் 110 கிலோவிலும் தாக்குப்பிடிப்பார்கள், சிலருக்கு 65 கிலோவிலேயே உள்ளுறுப்புகளுக்குக் கொழுப்பு வழியத் தொடங்கிவிடும். ஆசிய மக்களிடம் இந்த எல்லை சராசரியாகக் கீழே இருப்பதால், 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 23-லிருந்தே அவர்களுக்கு அபாயம் கூடுவதாகக் கணக்கிடச் சொன்னது. “நான் ஒல்லிதானே” என்பது அவ்வளவாக நம்பத்தக்க ஆறுதல் இல்லை. இடுப்புச் சுற்றளவு எடை எந்திரத்தைவிட நேர்மையாகப் பேசும்.

எல்.டி.எல். மட்டும் இந்தக் கதையில் பாதிதான் சேரும். அதற்குத் தனிப் பாதை ஒன்று இருக்கிறது. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐப் பிடித்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் செல்களின் மேற்பரப்பில் உள்ளன என்பதைக் கண்டறிந்ததற்குத்தான் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி, பாமாயில் போன்றவற்றில் உள்ள பூரிதக் கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் கல்லீரலில் இந்த ஏற்பிகள் குறைகின்றன, எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றுகிறது, தமனியின் உள்சுவருக்குள் புகுந்து தங்குகிறது. இதற்கு இன்சுலினும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். சர்க்கரை அளவு கச்சிதமாக உள்ள ஒருவருக்கு மாரடைப்பு வருவது இப்படித்தான்.

சர்க்கரையை இறக்கினால் இதயம் தப்புமா?

நியாயமான கேள்வி. இதற்குப் பெரிய அளவில் பதில் தேடியது பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வு. 1998இல் வெளியான முடிவுகளில், சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மாரடைப்பு 16 சதவீதம் குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்னும்படியான விளிம்பில் நின்றது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் ஒரு குழுவின் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 144/82-க்கும், இன்னொரு குழுவினுடையதை 154/87-க்கும் இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் குழுவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது, சர்க்கரை நோய் தொடர்பான மரணங்கள் 32 சதவீதம் குறைந்தன. சர்க்கரை நோயாளியின் உயிரைக் காப்பதில் பி.பி.யை இறக்கியது, சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியதை முந்திக்கொண்டது.

டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வு இதையே அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. வெறும் 160 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் சிகிச்சை, கூடவே உணவு, நடை, புகை நிறுத்தம். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் இதயப் பாதிப்புகள் பாதியாகக் குறைந்தன. 21 ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அந்தக் குழுவினரின் இடைநிலை ஆயுள் மற்றவர்களைவிட 7.9 ஆண்டுகள் அதிகம். எல்லா எண்களையும் சேர்த்துப் பிடித்ததன் பலன் இது.

வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் என்றால்? இங்கே வரலாறு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. சர்க்கரை நோய் வராமல் தடுப்பதில் சந்தேகமே இல்லை. பின்லாந்தில் 522 பேரிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்விலும், அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்விலும், உணவும் உடற்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை ஒரே அளவு, 58 சதவீதம், குறைத்தன. அமெரிக்க ஆய்வில் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம்தான். இலக்குகளோ எளியவை: உடல் எடையில் 7 சதவீதம் குறைவது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது. 2006இல் வெளியான இந்திய ஆய்வில் 28.5 சதவீதக் குறைவு கிடைத்தது. அதில் சுவாரசியம், எடை பெரிதாக இறங்காமலே இந்தப் பலன் வந்தது.

இதயத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். ஏற்கெனவே சர்க்கரை நோயும் கூடுதல் எடையும் உள்ள 5,145 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ‘லுக் அஹெட்’ ஆய்வு நடந்தது. தீவிரமான உணவுத் திட்டம், பயிற்சி, வாராவாரம் ஆலோசனை. எடை குறைந்தது, சர்க்கரை குறைந்தது, மாத்திரைத் தேவையும் குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுத் தொடர்கண்காணிப்புக்குப் பிறகு, பலன் தெரியப் போவதில்லை என்று 2012இல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் “அப்போ டயட்டெல்லாம் வீண்” என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் சீனாவின் டாச்சிங் நகர ஆய்வையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். 1986இல் தொடங்கியது. 577 பேர், எல்லோரும் ‘பார்டர்’ நிலையில் இருந்தவர்கள். ஆறு ஆண்டுகள் மட்டும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. அதற்குப் பிறகு யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை, கண்காணிப்பு மட்டும் தொடர்ந்தது. 30 ஆண்டு முடிவில் ஆலோசனை பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. இதயப் பாதிப்புகள் 26 சதவீதம் குறைவு, இதய நோய் மரணங்கள் 33 சதவீதம் குறைவு. முதல் ஆறு ஆண்டில் பார்த்திருந்தால் இதயத்துக்குக் கிடைத்த இந்தப் பலன் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: தமனிச் சுவரின் படிவு பல பத்தாண்டுகளில் ஏறுவது, அதை அரைவழியில் எடைக் குறைப்பால் மட்டும் அழிக்க முடியாது. முன்கூட்டியே தொடங்கினால் நேரம் நம் பக்கம் வேலை செய்கிறது. ‘லுக் அஹெட்’ நோயாளிகளில் பலர் எல்.டி.எல்.-ஐ இறக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, பி.பி. மாத்திரைகளை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த மருந்துகள் செய்துவிட்ட வேலைக்கு மேல் கூடுதலாகச் செய்ய உணவுக்கு மிச்சம் இருந்தது குறைவு. ஆகவே ‘பார்டர்’ சீட்டு அலட்சியத்துக்கான அனுமதி அல்ல. முப்பது ஆண்டுப் பலன் கிடைக்கும் கட்டம் அதுதான்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு, எல்.டி.எல்., ரத்த அழுத்தம் என்ற நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு உணவைப் பார்த்தால், பல பிரபலமான தீர்ப்புகள் மாறிவிடும்.

மாவுச்சத்தை அறவே ஒதுக்கி, இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று மாறியவர்களுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது. டிரைகிளிசரைடும் இறங்குகிறது. இது பொய்யில்லை. ஆனால் அவர்களில் சிலருக்கு எல்.டி.எல். 200-ஐத் தாண்டிப் போவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சர்க்கரை வரியில் வெற்றி, அடுத்த வரியில் தோல்வி. அதே மாவுச்சத்துக் குறைப்பைப் பருப்பு வகைகள், கொட்டைகள், மீன், விதை எண்ணெய் என்று செய்தால் இரண்டு வரிகளும் இறங்கும். பூரிதக் கொழுப்பைக் குறைக்கும் நீண்டகாலச் சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு கோக்ரேன் மதிப்பாய்வு, இதயப் பாதிப்புகள் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவதாகச் சொன்னது. குறைத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். வெண்ணெயை எடுத்துவிட்டுத் தீட்டிய மாவை வைத்தால் பலன் ஒன்றும் பெரிதாக இல்லை.

மறுபக்கம், ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று பெரிதாக அச்சடித்து வரும் பிஸ்கட்டுகள். சர்க்கரை சேர்க்கவில்லைதான். ஆனால் சலித்த மாவு, பாமாயில், உப்பு மூன்றும் தாராளமாக இருக்கும். மாவு வயிற்றில் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும், பாமாயில் எல்.டி.எல்.-ஐக் கவனித்துக்கொள்ளும், உப்பு அழுத்தத்தை. சர்க்கரை நோயாளிகளுக்கென்றே தயாரித்த பண்டம் நான்கில் மூன்று கேள்வியில் தோற்பது வேடிக்கைதான். பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். பொருள்களின் பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் அதிகம் உள்ளது.

நார்ச்சத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். கரையும் வகை நார், குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும். அவற்றை மறுபடி தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ள வேண்டிவரும், எல்.டி.எல். இறங்கும். 2019இல் லான்செட் இதழில் வெளியான பெரிய தொகுப்பாய்வு, நாளுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து சாப்பிடுபவர்களுக்கு மரணமும் இதய நோயும் சர்க்கரை நோயும் 15 முதல் 30 சதவீதம் குறைவு என்று கண்டது. முழுத்தானியம், பயறு, காய், தோலோடு பழம் என்று சேர்த்தால் அந்த அளவை எட்டலாம். பழத்தைப் பிழிந்து சாறாக்கினால் நார் சக்கையோடு போய்விடும். மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர், வைட்டமின் கொஞ்சம்.

இனிப்பு பானங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 350 மில்லி சோடா டின் ஒன்றில் 35 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு வைத்திருக்கும் மேல்வரம்பே 50 கிராம், முடிந்தால் 25-க்குள் நிறுத்தச் சொல்கிறது. திட உணவைப் போலப் பானம் வயிற்றை நிறைப்பதில்லை, அதனால் அடுத்த வேளை சாப்பாடு குறைவதும் இல்லை. தினம் ஒன்றிரண்டு குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதல் என்று 2010இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. உணவில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால், இந்த டின்னைத்தான் நான் முதலில் கைகாட்டுவேன்.

ஆலைகளில் பக்குவப்படுத்திப் பாக்கெட்டில் வரும் உணவுகளைப் பற்றி 2019 வரை எல்லாம் ஊகமாகவே இருந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால், 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து ஒரு சோதனை நடத்தினார். இரண்டு வாரம் முழுக்கப் பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. பரிமாறிய தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. சாதாரண உணவில் அதே அளவு இறங்கியது. சத்துப் பட்டியல் ஒன்றாக இருந்தும் கை நின்ற இடம் வேறு. வேகமாகவும் விழுங்கினார்கள், மென்மையான உணவுக்கு மெல்ல வேண்டியதே இல்லை.

உப்பு, சர்க்கரை நோயாளிகள் அதிகம் நினைத்துப்பார்க்காத விஷயம். நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, உலகச் சராசரி அதைப்போல இரு மடங்கு. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்த அல்லது 60 வயதைக் கடந்து ரத்த அழுத்தம் உள்ள ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்தார்கள். வேறு எந்த மாற்றமும் இல்லை. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் சில வகை பி.பி. மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்தப் பொட்டாசியம் உப்பு ஆபத்து. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. உப்பை மாற்றாமலே காய், பழம், கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றைக் கூட்டிப் பூரிதக் கொழுப்பைக் குறைத்ததால் மட்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் 11 புள்ளி இறங்கியதை 1997ஆம் ஆண்டு ‘டேஷ்’ ஆய்வு காட்டியது. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது.

கடைசியாக, கொழுப்பு என்றாலே பயப்படுபவர்களுக்கு ஸ்பெயினின் ‘பிரெடிமெட்’. 7,447 பேர். ஆலிவ் எண்ணெயையோ கொட்டைகளையோ தாராளமாகச் சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது. 2013இல் வெளியான இந்தக் கட்டுரை, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குளறுபடி இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் மறுகணக்கோடு மீண்டும் வெளியானது. முடிவு பெரிதாக மாறவில்லை, உறுதி கொஞ்சம் குறைந்தது. உணவு ஆய்வுகளை அந்த அளவு எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

கால்களின் பங்கு

1950களின் தொடக்கத்தில் லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், இரண்டடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம், ஒரே வகைக் குடும்பங்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள் ஏறுவார். 1953இல் வெளியான முடிவில், நடத்துநர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவு, வந்தாலும் உடனடி மரணம் குறைவு. உடலுழைப்புக்கும் இதயத்துக்குமான தொடர்பை எண்களால் காட்டிய முதல் பெரிய ஆய்வு.

மோரிஸைப் பிடித்துப்போவது அதற்கு அடுத்து அவர் செய்த காரியத்துக்காக. நிறுவனம் சீருடை தைத்த அளவுக் குறிப்புகளை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு, வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே பெரிதாக இருந்தது. அப்படியென்றால் வித்தியாசம் முழுவதும் படிகளால் வந்தது என்று சொல்ல முடியாது, குண்டான ஆட்கள் உட்காரும் வேலைக்குப் போயிருக்கலாம். தன் கண்டுபிடிப்பின் ஓட்டையைத் தானே 1956இல் அச்சில் போட்டார். பிறகு வேறு தொழிலாளர்களிடம் ஆராய்ந்து, உடலுழைப்பின் பலன் உண்மைதான் என்று நிலைநாட்டினார்.

தசைக்குள் நடப்பது இதுதான். குளுக்கோஸை உள்ளே இழுக்கும் ‘குளுட்-4’ என்ற புரதம் வழக்கமாக இன்சுலின் அழைத்தால்தான் செல்லின் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலேயே வருகிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கும் இந்தப் பின்வாசல் திறந்தே இருக்கிறது. ஒருமுறை பயிற்சி செய்தால் தசையின் இன்சுலின் உணர்வு ஒன்றிரண்டு நாள் வரை கூடியிருக்கும், அதற்குமேல் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பயிற்சி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். 2012இல் ஆஸ்திரேலியாவில் 19 பேரை ஐந்து மணி நேரம் உட்காரவைத்துச் சோதித்தார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய குளுக்கோஸ் ஏற்றம் சுமார் 24 சதவீதம் குறைந்தது. வியர்க்கவே இல்லை. எடைப் பயிற்சியும் சேர்ந்தால் சரக்கு வைக்கும் தசையே வளர்கிறது, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

புகையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இதயத்துக்குக் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை நோய் வாய்ப்பையும் 30 முதல் 40 சதவீதம் கூட்டுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. விட்டால் ஓராண்டில் கூடுதல் இதய அபாயம் பாதியாகிறது. தூக்கமும் அப்படித்தான், உணவுப் பட்டியல் கேட்டு வருபவர்களிடம் யாரும் விசாரிப்பதில்லை. 1999இல் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாண்ட விதம் முன்-நீரிழிவுக்காரர்களைப் போல மாறியிருந்தது.

இவ்வளவையும் தனிமனித ஒழுக்கமாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பின்லாந்தின் வடக்குக் கரேலியா 1970களில் ஆண்களின் மாரடைப்பு மரணத்தில் உலகிலேயே முன்னணியில் இருந்தது. 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம் நோயாளிகளுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை. பண்ணையாளர்கள், உணவுத் தயாரிப்பாளர்கள், பள்ளிகள், கடைகள் எல்லோரையும் இழுத்தது. வெண்ணெய் குறைந்து தாவர எண்ணெய் வந்தது, உப்பு குறைந்தது, ஆண்களின் புகை குறைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரண விகிதம் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. தாவர எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்கு டென்மார்க் 2003இல் சட்டத்தால் வரம்பு போட்டது, யாரும் பின்பக்க எழுத்தைப் படிக்காமலே தட்டிலிருந்து அது காணாமல் போனது. பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சர்க்கரை ரேஷன் 1953இல் நீங்கியது, நுகர்வு சட்டென்று இரட்டிப்பானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்ட 2024ஆம் ஆண்டு ஆய்வில், கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தில் இருந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை நோய் சுமார் 35 சதவீதமும் ரத்த அழுத்த நோய் 20 சதவீதமும் குறைவாக இருந்தது.

நோய் வந்துவிட்டவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் ‘டைரக்ட்’ ஆய்வில் 2017இல் தெரிந்தது: சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் குறைந்த கலோரி உணவால் எடையைக் குறைத்தபோது, ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே நோய் தணிந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக இறங்கியது, எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. அந்த ஆய்வில் மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் குழுவின் கண்காணிப்பில். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளோ எடுப்பவர் தானாகவே திடீரென்று மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும். முதலில் மருந்தளவை மாற்ற வேண்டும், பிறகு தட்டை. நோய் தணிந்தவர்களும் ஆண்டுக்கொருமுறை ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டும், விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையும் நிற்கக்கூடாது, ஸ்டாட்டின் தேவையா என்பதை எல்.டி.எல்.-ஐயும் மற்ற அபாயங்களையும் பார்த்துத் தனியாக முடிவு செய்ய வேண்டும்.